கேள்வியை முழுசாகப் படியுங்கள், தயவுசெய்து!

"ஒருவர் இரண்டு கைப்பேசிகளைத் தலா ரூ.12,000-க்கு வாங்கினார். ஒன்றை 20% லாபத்திலும் மற்றொன்றை 20% நட்டத்திலும் விற்றார். மொத்தத்தில் அவருக்கு லாபமா, நட்டமா?"

போன வார மாடல் டெஸ்டில் நான் வைத்த கேள்வி இது. வகுப்பில் பாதிக்கு மேல் "4% நட்டம்" என்று குறித்திருந்தார்கள். ஒன்றில் 2,400 ரூபாய் கூடுகிறது, இன்னொன்றில் அதே 2,400 குறைகிறது. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டுச் சொல்லிவிடும். ஆனால் தமிழ்நாடு அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்கு இரண்டு, மூன்று வருடமாக உட்கார்ந்து படிப்பவர்கள் சொல்லவில்லை.

அந்த 4% எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். "லாப சதவீதமும் நட்ட சதவீதமும் ஒன்றாக இருந்தால், அதை வர்க்கமாக்கி நூறால் வகு, எப்போதும் நட்டம்தான்." யூடியூபில் ஐந்து விநாடியில் விடை சொல்கிற அண்ணன்மார் தந்த ஷார்ட்கட். அது பொய்யான சூத்திரம் இல்லை. இரண்டு பொருளையும் ஒரே விலைக்கு *விற்றால்* அது சரி. தலா 12,000-க்கு விற்றிருந்தால் ஒன்றின் அடக்கவிலை 10,000, மற்றதன் அடக்கவிலை 15,000. போட்டது 25,000, வந்தது 24,000. ஆயிரம் ரூபாய் நட்டம், அதாவது 4%. நான் கேட்டதோ ஒரே விலைக்கு *வாங்கியவர்* கதை. கேள்வியின் முதல் வரியிலேயே அது இருக்கிறது. இரண்டு 20%-ஐக் கண்டதும் கை தானாகச் சூத்திரத்துக்குப் போய்விட்டது, கண் முதல் வரிக்குப் போகவே இல்லை.

இதைத் திருத்திவிட்டு, "எங்கே தப்பு?" என்று கேட்டால் உடனே வருகிற பதில்: "எனக்குக் கணக்கு வராது சார்."

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கணக்கு வராதவர்கள் என்று யாரையும் நான் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெண் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். அவர் தவறாக எழுதிய கேள்வி: "20% தள்ளுபடி போக ஒரு சேலை ரூ.1,000-க்கு விற்கப்பட்டது. குறித்த விலை என்ன?" விடையாக 1,200 என்று குறித்திருந்தார்.

"ஏம்மா, உங்க கடையில 1,200 ரூபாய்ச் சேலைக்கு 20% தள்ளுபடி கொடுத்தா எவ்வளவு வாங்குவீங்க?"

"960 சார்." கால்குலேட்டர் இல்லை, பேப்பர் இல்லை. கண்ணிமைப்பதற்குள் வந்த பதில்.

"அப்போ 1,200 எப்படிம்மா சரியாகும்?"

சிரித்துக்கொண்டே 1,250 என்று அடித்து எழுதினார். இவருக்குக் கணக்கு வராதா? தள்ளுபடி எதன் மேல் கணக்கிடப்படும் என்பது அவருக்குத் தினமும் கைவந்த விஷயம். தாளில் அதே விஷயம் வாக்கியமாக வந்ததும், வாக்கியத்தை விட்டுவிட்டு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டார். 20-ம் 1,000-மும் கண்ணில் பட்டன, "போக" என்ற சொல் படவில்லை.

குரூப் 4 தேர்வின் கட்டமைப்பைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவும் மனக்கணக்கும் 25. பத்தாம் வகுப்புத் தரம். தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அந்தத் தமிழ்ப் பகுதியில் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் ஓர் அலகாகவே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கணக்கை ஒரு நோட்டிலும் பத்தி வாசிப்பை இன்னொரு நோட்டிலும் வைத்துப் படிக்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே பயிற்சி. வாக்கியக் கணக்கு என்பது எண் கலந்த பத்தி, அவ்வளவுதான்.

ஷார்ட்கட் விஷயத்துக்கே திரும்புகிறேன், ஏனென்றால் என் ரத்த அழுத்தம் ஏறுவதே அங்கேதான். சூத்திரத்தையாவது மன்னித்துவிடலாம், "குறிச்சொல்" முறையை மன்னிக்கவே முடியாது. "மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, குறைந்தபட்சம் என்று வந்தால் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு), அதிகபட்சம் என்று வந்தால் மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி)" என்று அட்டவணை போட்டு ஜெராக்ஸ் எடுத்து விற்கிறார்கள். இதோ ஒரு கேள்வி: "12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் 40 செ.மீ. அகலமும் உள்ள கூடத்தின் தரையில் வெட்டாமல் பதிக்கத் தேவையான, ஒரே அளவுள்ள சதுர ஓடுகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை என்ன?" 'குறைந்தபட்ச' என்று இருக்கிறதே! அட்டவணைப்படி 1,200-க்கும் 840-க்கும் மீ.பொ.ம. கண்டு 8,400 என்று எழுதிவிட்டு, அது தரையா ஓடா என்று தெரியாமல் விழிக்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் போதும். ஓடு குறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு ஓடும் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய ஓடு, இரண்டு பக்கத்தையும் மீதியின்றி அளக்க வேண்டும். அப்படியானால் மீ.பொ.கா., 120 செ.மீ. நீளவாக்கில் பத்து, அகலவாக்கில் ஏழு, ஆக 70 ஓடுகள். கொத்தனாரிடம் கேட்டிருந்தால் அவர் இப்படித்தான் யோசித்திருப்பார்.

"கண்ணனைவிட ரவியிடம் 12 புத்தகங்கள் அதிகம். ரவியிடம் 40 இருந்தால் கண்ணனிடம் எத்தனை?" 'அதிகம்' என்றால் கூட்டு, ஆகவே 52. இப்படி எழுதியவர்களில் கணிதப் பட்டதாரிகளும் உண்டு. விடை 28 என்று நான் சொல்லத் தேவையில்லை.

காலமும் வேலையும் பகுதியில் இதே நோய் இன்னும் முற்றிப்போய் வரும். ஒருவர் 10 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடிக்கிற வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள்? பெருக்கி, கூட்டியதால் வகுத்தால் 6. இது எல்லாருக்கும் மனப்பாடம். நான் கேள்வியைச் சற்றுத் திருப்பினேன்: இருவரும் சேர்ந்து 6 நாள், முதலாமவர் தனியாக 10 நாள், இரண்டாமவர் தனியாக எத்தனை நாள்? மறுபடியும் பெருக்கி, கூட்டியதால் வகுத்து, மூன்றே முக்கால் நாள் என்று ஒரு கூட்டமே எழுதியிருந்தது. இரண்டு பேர் சேர்ந்து 6 நாள் இழுத்த வேலையை ஒருவர் தனியாக நாலு நாள்கூட ஆகாமல் முடிக்கிறாராம்! அப்படியென்றால் முதலாமவர் வேலையைக் கெடுக்கத்தான் வந்தாரா? விடை 15. மூன்றே முக்காலும் நாலு விடைகளில் ஒன்றாக இருந்தது; நான்தான் வைத்தேன். கேள்வி தயாரிக்கிறவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் வைப்பார். உங்கள் தவறு எங்கே நடக்கும் என்று கணித்து, அதன் விடையைத் தயாராக எழுதி வைப்பதுதான் எங்கள் வேலை. உங்களுக்கு வந்த எண் விடைகளில் இருக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன? பெரும்பாலான குழந்தைகள் அந்த எண்களையே வைத்துக் கணக்குப் போட்டு ஒரு வயதைச் சொன்னார்கள். அதைப் படித்து நாம் சிரிக்கலாம். ஆனால் அந்தக் குழந்தைகள் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம்: இரண்டு எண் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், ஏதோ ஒன்று செய்தாக வேண்டும்.

பத்தி வாசிப்பில் இதற்கு நேர் எதிரான கோளாறு. அங்கே தாளில் இருப்பதை விட்டுவிட்டு, தலையில் இருப்பதை எழுதுகிறார்கள். வகுப்பில் கொடுத்த பத்தியிலிருந்து இரண்டு வரி: "ஏரி நிறைந்த ஆண்டுகளில் ஊரில் இரண்டு போகம் விளைந்தது. நீர் குறைந்த ஆண்டில் மேட்டு நிலத்தார் கம்பும் கேழ்வரகும் விதைத்தனர்; பள்ளத்து நிலத்தார் மட்டும் நெல் நட்டனர்." பத்தியின்படி சரியானது எது? (அ) நீர் குறைந்தால் நெல் சாகுபடியே நடக்காது. (ஆ) மேட்டு நிலத்தில் நெல் விளையாது. (இ) நீர் குறைந்த ஆண்டிலும் சிலர் நெல் நட்டனர். (ஈ) நெல்லைவிடக் கம்பில் லாபம் அதிகம்.

(ஆ)-வைக் குறித்தவர்களில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம். "மேட்டுல எப்படி சார் தண்ணி ஏறும்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார் ஒரு தம்பி. தம்பி, உங்கள் ஊரில் ஏறாது, சரி. இந்தப் பத்தியில் மேட்டு நிலத்தார் நீர் குறைந்த ஆண்டில் என்ன செய்தார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. நிறைந்த ஆண்டில் அவர்கள் என்ன நட்டார்கள் என்று பத்தி சொல்லவே இல்லை. உங்கள் அனுபவத்தைத் தேர்வுக்கூடத்துக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள், திரும்பும்போது மாட்டிக்கொள்ளலாம். விடை (இ).

அதே பத்தியில் "தவறான கூற்று எது?" என்று கேட்டால், முதலில் கண்ணில் படும் சரியான கூற்றைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுகிறவர்கள் இன்னொரு ரகம். "தவறானது", "பொருந்தாதது", "அல்லாதது" ஆகிய சொற்களைக் கண்டதும் வினாத்தாளிலேயே அடிக்கோடு போடுங்கள். மிரட்டலாகவே சொல்கிறேன், போடுங்கள்.

"200 கேள்விக்கு 180 நிமிடம், ஒன்றுக்கு 54 விநாடிதான், நின்று படிக்க எங்கே சார் நேரம்?" என்பீர்கள். தமிழ் இலக்கணக் கேள்வியும் பொது அறிவுக் கேள்வியும் தெரிந்தால் பத்து, இருபது விநாடியில் முடியும். தெரியாவிட்டால் பத்து நிமிடம் முறைத்தாலும் வராது. அங்கே மிச்சம் பிடிக்கிற நேரம் முழுக்கக் கணக்குக்கும் பத்திக்கும்தான். அவசரமாகத் தப்பாகப் போட்ட கணக்கை மறுபடி போடுவதற்கு ஆகும் நேரத்தைவிட, கேள்வியை இரண்டாவது தடவை படிக்க ஆகும் நேரம் குறைவு.

வீட்டில் எப்படிப் பழகுவது? ஒரு நாளைக்கு நூறு கணக்கு போட்டேன் என்று பெருமை பேசாதீர்கள். பத்து போதும். விடைகள் நான்கையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியை முதலில் படித்து, என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் பேச்சுத் தமிழில் ஓரத்தில் எழுதுங்கள்: "குறிச்ச விலை எவ்வளவு?" அவ்வளவு போதும். அதன்பிறகு முழுசாகப் படியுங்கள். பேனாவை எடுக்கும் முன், விடை பெரிதாக வருமா சிறிதாக வருமா என்று உத்தேசமாகச் சொல்லிப் பாருங்கள். கூட்டு வட்டிக் கணக்கில் "அரையாண்டுக்கு ஒருமுறை" என்று இருக்கிறதா பாருங்கள். 10,000 ரூபாய்க்கு 10% வட்டி என்றால் ஓராண்டில் 1,000-க்குப் பதில் 1,025 ஆகிவிடும். அந்த 25 ரூபாயில்தான் ஒன்றரை மதிப்பெண் இருக்கிறது.

தவறிய கணக்குகளுக்குத் தனி நோட்டு போடுங்கள். அதில் விடையை எழுத வேண்டாம், ஏன் தவறியது என்று மட்டும் எழுதுங்கள்: கேள்வியை ஒழுங்காகப் படிக்கவில்லையா, வழி தெரியவில்லையா, பெருக்கலில் கை நழுவியதா. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். எந்தக் காரணம் அதிகம் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

பத்தி வாசிப்புக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். நாளிதழின் தலையங்கம் ஒன்று, ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்களின் உரைநடைப் பாடங்கள், இவை போதும். படித்து முடித்ததும் நீங்களே மூன்று கேள்வி தயாரியுங்கள். விடைகளில் ஒன்றாவது உங்களையே ஏமாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். கேள்வி தயாரிக்கத் தெரிந்தவர் அவ்வளவு சுலபத்தில் கேள்வியில் மாட்டமாட்டார். வழிகாட்ட ஆளில்லை என்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். நகையை அடகு வைத்துப் பயிற்சி மையத்துக்குக் கட்டணம் கட்டும் முன் அங்கே ஒருமுறை போய்ப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவு பத்தரைக்குப் புத்தகத்தைத் திறக்கிற பெண்கள் எங்கள் வகுப்பில் நிறைய. அந்த நேரத்தில் மனப்பாடம் வேண்டுமானால் ஓடும், பத்தியும் வாக்கியக் கணக்கும் மூளையில் ஏறாது. பகலில் அவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்; அடுப்பை அந்த நேரம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம்.

வட்டத்தை நிரப்பி விடை குறிக்கிற ஓ.எம்.ஆர். தாள் பற்றிச் சுருக்கமாக: தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டார்கள், ஆனால் எந்தக் கேள்வியையும் வெற்றாக விடக்கூடாது, விடை தெரியவில்லை என்பதற்கும் ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. கருப்பு பால்பாயிண்ட் பேனா. கணக்குக் கேள்வியின் தமிழ் வாக்கியம் குழப்பினால் கூடவே அச்சாகியிருக்கும் ஆங்கில வடிவத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மற்ற அறிவுரைகள் ஹால் டிக்கெட்டில் இருக்கின்றன. அதையாவது முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு கணக்கு. 40 பேர் உள்ள வகுப்பில் 10% பேர் இன்று வரவில்லை. வந்தவர்களில் 25% பேர் வீட்டுப்பாடம் செய்யவில்லை. வீட்டுப்பாடம் செய்துவந்தவர்கள் எத்தனை பேர்? 26 என்று வந்தவர்கள் எனக்கு வாட்ஸ்அப் அனுப்ப வேண்டாம், இரண்டாவது வாக்கியத்தின் முதல் சொல்லை இன்னொரு முறை படியுங்கள்.