வயசான காலத்தில் முடக்கு வாத ஊசி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் வரும் முடக்கு வாத நோயாளிகளில் பலர் பழைய தோட்டத்துக்காரர்கள். பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவர்கள். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியவில்லை, தேத்தண்ணி கோப்பையைக்கூட இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பார்கள். "உழைச்ச உடம்பு டாக்டர், அப்படித்தான் இருக்கும்" என்று தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அது சரியில்லை. தேய்மான மூட்டுவலி நடக்க நடக்கக் கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்கு வாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுச் சவ்வையே தாக்குகிறது. ஓய்வுக்குப் பிறகுதான் இறுக்கம் அதிகம். பெரும்பாலும் இரண்டு கையும் சேர்ந்தே வீங்கும். 60 வயதுக்கு மேல் தொடங்கினால் சில சமயம் தோளில் ஆரம்பித்து, சில வாரங்களிலேயே ஆளைப் படுக்க வைத்துவிடும்.

வழக்கமான முதல் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும். தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் எந்தக் கிழமை என்று மருந்துப் பையிலேயே பெரிதாக எழுதி வாங்குங்கள். அதற்கும் நோய் அடங்காவிட்டால் பயாலஜிக் ஊசி: எட்டனர்செப்ட், அடாலிமுமாப், டோசிலிசுமாப், ரிட்டுக்ஸிமாப் போன்றவை. வீக்கத்தைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ செல்லையோ குறிவைத்து அடக்குபவை. இவற்றில் முதலில் வந்தவை 1990களின் கடைசியிலிருந்தே பயன்பாட்டில் இருக்கின்றன.

குடும்பம் தயங்குவது இங்கேதான். "அம்மாவுக்கு 72 ஆகுது. இந்த வயசுல இவ்வளவு பெரிய ஊசி எதுக்கு டாக்டர்? அந்தச் சின்ன மாத்திரையே போதுமே" என்பார் மகன். சின்ன மாத்திரை என்று அவர் சொல்வது பிரெட்னிசொலோன், அதாவது ஸ்டீராய்டு. எனக்கு ஊசியைவிட அதுதான் பயம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தினமும் 5 மில்லிகிராம் என்று இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஓர் ஐரோப்பிய ஆய்வு 2022இல் வெளியானது. நோய் குறைந்தது, மூட்டுச் சேதமும் குறைந்தது. ஆனால் பக்க விளைவுகள் கூடின, பெரும்பாலும் கடுமையில்லாத தொற்றுகள். அது வெறும் 5 மில்லிகிராம். வருடக்கணக்கில் 10, 15 என்று போட்டுக்கொள்பவர்களுக்கு இனிப்பு நீர் ஏறுகிறது, எலும்பு வலுவிழக்கிறது, கண்புரை வருகிறது. முன்கைத் தோல் காகிதம்போல் மெலிந்து, லேசாக இடித்தாலே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டுகிறது.

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கும் மூட்டுவலி மருந்தும் இதே கதைதான். ஒரு பாட்டி பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கறுப்பு உருண்டையை எடுத்து மேசையில் வைத்தார். "ரெண்டே நாள்ல வலி போயிடுச்சு ஐயா, மூலிகைதான்" என்றார். முகம் உப்பியிருந்தது, ரத்தக் கொதிப்பு எகிறியிருந்தது. பதிவில்லாத இப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. டப்பாவில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழுந்துவிடுவார்கள். டப்பாவோடு கிளினிக்குக்கு வாருங்கள், படிப்படியாகக் குறைக்கலாம். யாரும் திட்ட மாட்டோம்.

சரி, ஊசிக்கு வருவோம். எழுபது வயது என்பது மட்டுமே ஊசியை மறுப்பதற்குக் காரணமல்ல. உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. முதல் சந்தேகம் காசநோய். மலேசியாவில் இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 பேருக்குக் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. சின்ன வயதில் உடம்புக்குள் போன கிருமியை, நோய் வரவிடாமல், எதிர்ப்பு செல்கள் சூழ்ந்து அடைத்து வைத்திருக்கும். அந்த அடைப்பைக் காப்பாற்றுவதே டிஎன்எஃப் என்ற புரதம். எட்டனர்செப்ட், அடாலிமுமாப், இன்ஃப்லிக்ஸிமாப் தடுப்பதும் அதையேதான். இன்ஃப்லிக்ஸிமாப் போட்டவர்களுக்குக் காசநோய் கிளம்பியதை 2001இல் வெளியான ஓர் அறிக்கை காட்டிய பிறகுதான், ஊசிக்கு முன் சோதனை என்பது கட்டாயமானது.

அதனால்தான் தோட்டத்து லயத்து வீட்டுக் கதையெல்லாம் கேட்கிறோம். அந்தக் காலத்தில் ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள், யாராவது மாதக்கணக்கில் இருமினார்களா, வேறு ஊர் மருத்துவமனையில் யாரையாவது நெடுநாள் வைத்திருந்தார்களா? பல பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். பிறகு வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "எங்கப்பாவுக்கு இருந்துச்சு டாக்டர், வெளிய சொன்னா கல்யாணம் காட்சி நடக்காதுன்னு மறைச்சிட்டாங்க" என்று மெதுவாகச் சொல்வார்கள். சொல்லுங்கள், தயவுசெய்து சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, தோல் சோதனை, ரத்தச் சோதனை எல்லாம் இருந்தாலும், வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் தோல் சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். ஒளிந்திருக்கும் கிருமி இருந்தால் அதற்குச் சில மாத மருந்து உண்டு. வழக்கமாக அதை ஒரு மாதமாவது சாப்பிட்ட பிறகு பயாலஜிக் ஊசியைத் தொடங்கலாம்.

கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமிக்கான சோதனையும் அப்படித்தான். பிறந்த குழந்தைகளுக்கு இந்த நாட்டில் அந்தத் தடுப்பூசி 1989இல்தான் வந்தது, நம் பெரியவர்களுக்கு அது கிடைத்திருக்காது. கடுமையான இதயச் செயலிழப்பு இருந்தால் டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசிகளைத் தவிர்ப்போம். பெருங்குடல் பையழற்சி (குடல் சுவரில் உண்டாகும் சிறு பைகளில் வீக்கம்) வந்தவர்களுக்கு டோசிலிசுமாப் வேண்டாம், குடலில் ஓட்டை விழலாம். சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகளை முன்பே போட்டுவிடுவது நல்லது.

வீட்டில் ஊசியை 2 முதல் 8 டிகிரியில், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவிட்டால் வீண். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு எடுத்து வெளியே வைத்தால் எரிச்சல் குறையும். விரல் கோணியவர்களால் பேனா ஊசியை அழுத்த முடியாது, மருமகளோ பேரனோ கற்றுக்கொள்ளட்டும். இன்சுலின் போடத் தெரிந்த வீட்டில் இது பெரிய வேலையில்லை.

கடைசியாக, காய்ச்சல். இங்கே மழை பெய்தால் சேறு, சேற்றில் மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான தொற்றைத் தரும் கிருமி. இனிப்பு நீர் உள்ளவர்களை அது குறிப்பாகத் தாக்கும். தோட்ட வேலைக்குப் போனால் பூட்ஸும் கையுறையும் வேண்டும். டோசிலிசுமாப் போடுபவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம், ரத்தத்தில் வீக்கத்தைக் காட்டும் சிஆர்பி அளவும் ஏறாமல் ஏமாற்றும். சாப்பாடு இறங்கவில்லை, ஆள் சோர்ந்துவிட்டார், புத்தி தடுமாறுகிறது என்றால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அடுத்த ஊசியை நிறுத்தி வைத்து அன்றைக்கே வாருங்கள். ஊசிப் பெட்டியைப் படம் எடுத்து வீட்டில் எல்லோருடைய கைப்பேசியிலும் வைத்திருங்கள். நடுராத்திரியில் அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டருக்கு மருந்தின் பெயர் தெரிந்தால்தான் எந்தக் கிருமியைத் தேடுவது என்று தெரியும்.