இருமுனை மனநிலைக் கோளாறு: சொல்லும் பொருளும்

பைபோலார் டிஸ்ஆர்டர். தமிழில் இருமுனை மனநிலைக் கோளாறு. சுருக்கமாக இருமுனைக் கோளாறு. இருமுனையப் பிறழ்வு, இருதுருவ நோய் என்றும் எழுதுவதுண்டு. மருத்துவமனைச் சீட்டில் 'பி.பி.ஏ.டி.' என்றோ 'எஃப்31' என்றோ இருந்தாலும் அதுவும் இதுவே. முதலாவது 'பைபோலார் அஃபெக்டிவ் டிஸ்ஆர்டர்' என்பதற்கு நம் நாட்டு மருத்துவர்கள் பழகிப்போன சுருக்கம். இரண்டாவது உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பட்டியலில் இந்நோய்க்குரிய எண்.

மனநிலையும், அதனோடு சேர்ந்து உடலின் வேகமும் தூக்கத்தின் தேவையும், நாள்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் ஏறியோ இறங்கியோ நின்று பிறகு இயல்புக்குத் திரும்பும் நோய் இது. ஏறிய நிலை மனவெழுச்சி. மருத்துவர் சொல்வது மேனியா. மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்றிருக்கும், பேச்சு ஓடும், ஒரு யோசனை முடியுமுன் அடுத்தது பிறக்கும், கை தாராளமாகும், யாராவது குறுக்கே நின்றால் சினம் பொங்கும். இது ஒரு வாரமாவது நீடித்தால்தான் மேனியா என்பார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் நாள் எண்ணுவதில்லை. வாழ்க்கையைக் கவிழ்க்காத, மிதமான ஏற்றம் குறைந்தது 4 நாள் இருந்தால் மென்னெழுச்சி, அதாவது ஹைப்போமேனியா. இறங்கிய நிலையான மனச்சோர்வுக்கு அளவு 2 வாரம். வாழ்நாளில் ஒருமுறையேனும் முழு மனவெழுச்சி வந்தவர் முதல் வகை. மென்னெழுச்சியும் மனச்சோர்வும் மட்டுமே கண்டவர் இரண்டாம் வகை.

இந்த நாள்கணக்கு முக்கியம். காலையில் சிரித்தவர் மாலையில் சிடுசிடுத்தால் 'பைபோலாரா நீ?' என்று கேட்பது இன்று நகர்ப்புறப் பேச்சில் ஒரு கிண்டலாகிவிட்டது. அது குணம், களைப்பு, பசி என எதுவாகவும் இருக்கலாம்; இந்நோய் அல்ல. ஓர் உடலில் இரண்டு ஆட்கள் இருப்பதாகச் சினிமா காட்டும் சங்கதிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

பெயர் வந்த வழி

நோய் பழையது, பெயர் புதியது. கி.பி. முதலிரு நூற்றாண்டுகளுக்குள் வாழ்ந்த, இன்றைய துருக்கியிலுள்ள கப்படோக்கியா நாட்டு மருத்துவர் அரிட்டேயஸ், சோர்ந்து கிடப்பவரே பின்னர் வெறி கொண்டு ஆடுவதைக் கவனித்து, இரண்டையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி எழுதினார். 1850-களில் பாரிஸ் மனநல மருத்துவர்களான ஃபால்ரே 'வட்டப் பைத்தியம்' என்றும், பாய்யார்ஜே 'இரட்டை வடிவப் பைத்தியம்' என்றும் பெயரிட்டார்கள்; யார் முந்தி என்று இருவருக்கும் தகராறும் நடந்தது. 1899-இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் கிரேப்பலின் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் இவற்றை 'மேனியா–மனச்சோர்வுப் பைத்தியம்' என ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தார். அந்தக் குடை மிகப் பெரிது. மேனியாவே வராமல் சோர்வு மட்டும் திரும்பத் திரும்ப வருபவரும் அதற்குள் அடங்கினார். 1957-இல் இன்னொரு ஜெர்மானிய மனநல மருத்துவர் கார்ல் லியோன்ஹார்ட் அதைப் பிரித்தார். ஒரு பக்கம் மட்டும் போகிறவர் ஒருமுனை, இரு பக்கமும் போகிறவர் இருமுனை. பைபோலார் என்ற சொல் இந்நோயின் பெயராக நிலைக்க வழிசெய்தது அந்தப் பிரிவினைதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில், 1980-இல், 'பைபோலார் டிஸ்ஆர்டர்' என்பதை அதிகாரபூர்வப் பெயராக்கியது. 'பைத்தியம்' என்ற சொல் பெயரிலிருந்து விழுந்ததே அந்த மாற்றத்தின் பெரிய லாபம்.

'பை' என்பது லத்தீனில் இரண்டு. 'போல்' கிரேக்க 'பொலோஸ்' வழியாக வந்தது. வானம் எதைச் சுற்றிச் சுழல்வதாக நினைத்தார்களோ அந்த அச்சு அது.

தமிழில் எது சரி?

துருவம் என்பது 'த்ருவ' என்ற வடசொல். அதன் முதற்பொருள் அசையாதது, நிலையானது. துருவ நட்சத்திரம் அப்படித்தான் பெயர் பெற்றது. நிலைகொள்ளாமையைக் குறிக்க நிலைத்ததன் பெயரை வைப்பது சற்று வேடிக்கை. 'முனையம்' மின்கலத்துக்கும் விமான நிலையத்துக்கும் உரிய கலைச்சொல்லாகிவிட்டதால், இருமுனையப் பிறழ்வு என்றால் ஏதோ மின்பழுதுபோல ஒலிக்கிறது. 'பிறழ்வு' நெறி தவறியவர் என்ற சாயலையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. முனை எளிய தமிழ்ச்சொல், கோளாறு வீட்டில் புழங்கும் சொல், நடுவில் 'மனநிலை' இருப்பதால் எது கோளாறு என்பதும் தெரிகிறது. அதனால் இருமுனை மனநிலைக் கோளாறு என்பதே எங்கள் தேர்வு. பேச்சில் பைபோலார் என்றே சொன்னாலும் குற்றமில்லை. மருத்துவரிடமும் மருந்துக் கடையிலும் அதுதான் புரியும்.

மேனியாவைப் 'பித்து' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. பித்து பித்தத்திலிருந்து வந்தது, அதாவது கல்லீரல் சுரக்கும் நீர். மனச்சோர்வுக்குக் கிரேக்கர் இட்ட 'மெலங்கோலியா' என்ற பெயருக்கும் கரும்பித்தம் என்றே பொருள். இரு நாகரிகங்களும் மனத்தின் பழுதைப் பித்தநீரின் தலையில் கட்டியிருக்கின்றன! ஆனால் தமிழில் பித்து பக்திக்கும் காதலுக்கும் உரிய அழகான சொல். சிவனுக்கே பித்தன் என்று பெயர். அதை நோய்ச்சீட்டில் எழுத வேண்டாம். மனவெழுச்சி போதும்.

இன்னொரு திருத்தம் கட்டாயம் வேண்டும். செய்தித்தாள்கள் டிப்ரஷனை 'மன அழுத்தம்' என்று எழுதுகின்றன. மன அழுத்தம் என்பது ஸ்ட்ரெஸ். வேலைப்பளுவால் வருவது, விடுப்பில் குறைவது. மனச்சோர்வு நோய். குழப்பினால் என்ன ஆகும்? 'டென்ஷன்தானே, கோவிலுக்குப் போய் வா' என்று மாதக்கணக்கில் சிகிச்சை தள்ளிப்போகும்.

முனைகளுக்கு நடுவே

இந்தப் பெயரின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. அது இரண்டு ஓரங்களை மட்டும் சொல்கிறது. முதல் வகை நோயாளிகளை ஏறத்தாழ 13 ஆண்டுகள் வாரம் வாரமாகத் தொடர்ந்து, 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பாதிக்குச் சற்று மேற்பட்ட வாரங்களில் அறிகுறி எதுவும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு வாரங்கள் மனச்சோர்வு. மனவெழுச்சி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, ஊரார் கண்ணில் படும் ஆர்ப்பாட்டம் நோயின் மிகச் சிறிய பகுதி. வாழ்க்கையின் பெரும்பகுதி நடுவில் கழிகிறது. இந்நோயோடு நன்றாக வாழ்வது என்றால் அந்த நடுப்பகுதியை நீட்டுவதுதான். அதற்குச் செய்ய வேண்டியவை சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானவை.

முதலில் தூக்கம். தூக்கக் குறைவு மனவெழுச்சியின் அறிகுறி மட்டுமல்ல, அதைக் கிளப்பிவிடும் காரணமும்கூட. எனவே தூக்க நேரம் மாறக் கூடாது. அதற்குப் படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைக் கட்டிப்போடுவது எளிது. ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம். அதோடு, அன்றைய முதல் ஆளைச் சந்திக்கும் நேரம், வேலை தொடங்கும் நேரம், இரவுச் சாப்பாடு, படுக்கை ஆகிய நான்கையும் நாள்தோறும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நகராமல் வைத்தால் உடற்கடிகாரம் தடுமாறாது. சமூகத் தாளச் சிகிச்சை என்று இதற்கு ஒரு முறையே இருக்கிறது. மாறி மாறி வரும் இரவுப்பணி இவர்களுக்கு ஆகாது. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிப்பதை வீட்டார் வற்புறுத்தக் கூடாது. கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு முந்திய இரவு தனியறையில் படுக்க வைப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. இரண்டு இரவு தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியும் பகலில் களைப்பே இல்லையென்றால், மூன்றாம் நாள் காலை மருத்துவருக்குத் தொலைபேச வேண்டும். களைப்பு இருந்தால் அது வெறும் தூக்கக்கேடு. களைப்பு இல்லாததுதான் மணியோசை.

அடுத்தது மனநிலைக் குறிப்பு. பள்ளி நோட்டில் நாளுக்கு ஒரு வரி போதும்: மனநிலைக்கு −3 முதல் +3 வரை ஓர் எண், தூங்கிய மணி, மாத்திரை போட்டதா, எரிச்சல் உண்டா, அன்று நடந்த பெரிய சங்கதி. எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். வாரக்கடைசியில் நினைவிலிருந்து நிரப்பினால் பயனில்லை. ஏற்றத்தில் இருப்பவருக்குப் போன வாரமும் இனிப்பாகவே தெரியும். ஒரே நாளில் மனநிலை எண் +2, எரிச்சலும் உண்டு என்றால் கலப்பு நிலையாகவும் இருக்கலாம். மனச்சோர்வின் எண்ணங்களும் மனவெழுச்சியின் வேகமும் ஒன்றாய்ச் சேரும் இந்நிலையில்தான் தற்கொலை ஆபத்து கூடுகிறது. இரண்டு முனைக்கும் நடுவே நேர்கோடு போட்டுப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு இது அடங்குவதில்லை.

நீண்ட சோர்வுக்குப் பிறகு ஒருவர் உற்சாகமாக எழுந்தால் 'தேறிவிட்டான்' என்று வீடு மகிழ்கிறது. நியாயம்தான். ஆனால் தூங்கிய மணியைக் கேளுங்கள். ஏழு என்றால் தேறியிருக்கிறார். மூன்று என்றால் மறுமுனைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். மருத்துவரிடம் பெரும்பாலும் சோர்வுக் காலத்தில்தான் போகிறோம். அப்போது பழைய உற்சாகக் காலங்களையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மனச்சோர்வு மாத்திரை மட்டும் தரப்படும். மனநிலைச் சீராக்கி, அதாவது லித்தியம்போல ஏற்ற இறக்கத்தை அடக்கும் மருந்து, துணையின்றி அது சிலரை நேரே மனவெழுச்சியில் கொண்டுபோய் விடும்.

மருந்தில் லித்தியம் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கிரேக்க 'லித்தோஸ்', கல், என்பதே பெயரின் மூலம். 1817-இல் சுவீடனில் ஒரு கனிமத்திலிருந்து கண்டறிந்தார்கள். அதை மனவெழுச்சிக்குக் கொடுத்துப் பார்த்து 1949-இல் எழுதியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். தற்கொலையைக் குறைப்பதில் இதற்கு நிகரான சான்று பிற மருந்துகளுக்கு இல்லை. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. நீண்டகாலத்துக்கு இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் என்பது வழக்கமான இலக்கு, 1.5-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நஞ்சின் குணம் காட்டும். சில ஆய்வகங்கள் மில்லி ஈக்விவலன்ட் என்று அச்சிடும். லித்தியத்துக்கு இரண்டும் ஒரே எண்தான். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்தே இரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு ஆய்வகத்துக்குப் போனால் எண் பொய்யாக உயரும், மருத்துவர் தேவையின்றி மருந்தைக் குறைப்பார். மருந்தின் அளவு மாறினால் ஒரு வாரத்தில் பரிசோதனை, நிலைப்பட்ட பின் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் ஆகியவற்றை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நலம்.

சிறுநீரகம் உப்பையும் லித்தியத்தையும் ஒன்றுபோல் நடத்துகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால் லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் உப்பில்லாப் பத்தியம், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், சித்திரை வெயிலில் வேலை, வயிற்றுப்போக்கு எல்லாமே அளவை ஏற்றும். நோன்போ விரதமோ இருக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், அவையும் அளவை ஏற்றும்; பாராசிட்டமால் பரவாயில்லை. இரத்தக்கொதிப்புக்குத் தரும் சில மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். எனவே எந்த மருத்துவரிடம் போனாலும் லித்தியம் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். விரல் லேசாக நடுங்குவது சகஜம். கை பெரிதாக நடுங்கி, வாந்தியெடுத்து, நாக்குழறி, நடை தள்ளாடினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். மற்றபடி தானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. நின்ற சில வாரங்களிலேயே மனவெழுச்சி பாய்ந்து வரலாம். நிறுத்துவதாக முடிவானாலும் குறைந்தது 4 வாரம், இயன்றால் 3 மாதம் படிப்படியாகக் குறைப்பார்கள்.

லாமோட்ரிஜின் மனச்சோர்வைத் தள்ளிவைப்பதில் கெட்டிக்கார மருந்து. வேகமாக ஏற்றினால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம் என்பதால் 25 மி.கி.யில் இரண்டு வாரம், 50 மி.கி.யில் இரண்டு வாரம் என்று மெல்லப் போவார்கள். இன்னொரு மனநிலைச் சீராக்கியான வால்ப்ரோயேட்டும் சேர்ந்தால் இதில் பாதி. ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்காதீர்கள். வால்ப்ரோயேட் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். பிள்ளைப்பேறு வயதில் உள்ள பெண்ணுக்கு அதை எழுதினால் வேறு வழி உண்டா என்று கேட்பது அவர் உரிமை. பேறுகாலத்தை ஒட்டிய முதல் சில வாரங்கள் நோய் திரும்ப மிக ஏற்ற காலம் என்பதால் கருவுறுமுன்பே திட்டம் பேசிவைக்க வேண்டும்.

பணத்துக்கும் ஒரு வேலி வேண்டும், நலமாக இருக்கும்போதே. கைபேசிப் பணப்பரிமாற்றத்துக்கு நாள் வரம்பைக் குறைத்து வைத்தல், கடனட்டையைத் துணையிடம் கொடுத்தல், இத்தனை ஆயிரத்துக்கு மேல் எந்தச் செலவும் இரண்டு இரவு தூங்கி எழுந்த பிறகே என்று எழுதிக் கையெழுத்திடுதல். கடன் செயலிகளும் பங்குச்சந்தை ஊக வணிகமும் இருக்கும் கைபேசி, மனவெழுச்சியில் இருப்பவர் கையில் இருக்கக் கூடாதது. நோயின் உச்சத்தில் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். முன்பே ஒப்புக்கொண்டதை நினைவூட்டினால் இணங்கக்கூடும்.

இதே எண்ணத்தைச் சட்டமும் ஏற்கிறது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. கட்டணமில்லா டெலி மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். 'அவர் ஒரு பைபோலார்' என்று எழுத வேண்டாம். 'அவருக்கு இருமுனைக் கோளாறு உண்டு' என்று எழுதலாம், நீரிழிவைச் சொல்வதுபோல. 'பாதிக்கப்பட்டவர்', 'அவதிப்படுபவர்' என்ற அடைகளும் தேவையில்லை. ஏறத்தாழப் பாதி வாரங்களில் அவர் அவதிப்படுவதே இல்லை.