எக்ஸ்ரேக்குச் சிக்காத எலும்பு டிபி

பெருந்துறையில் மருத்துவக் கல்லூரி இருக்கும் பகுதிக்கு இன்றும் சானடோரியம் என்றுதான் பெயர். டிபி நோயாளிகளைத் தங்க வைத்து வைத்தியம் பார்த்த இடம் அது. இத்தனை பழக்கமான நோய்தான், ஆனாலும் டிபி என்றால் நமக்கு இருமலும் சளியும்தான் ஞாபகம் வருகிறது. அது எலும்புக்கும் போகும். போனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதுகெலும்பில்தான் உட்காரும். தறி ஓட்டுகிறவருக்கு முதுகு வலித்தால் "வேலை அப்படிங்க" என்று தைலம் தேய்ப்பதிலேயே மாதங்கள் போய்விடுகின்றன.

சரி, எக்ஸ்ரே எடுத்தால் தெரியாதா? ஆரம்பத்தில் தெரியாது. எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் வித்தியாசம் கண்ணில் படும். எம்.ஆர்.ஐ. தண்ணீரைப் பார்க்கிற கருவி. கிருமி புகுந்ததும் எலும்பு மஜ்ஜையில் நீர் கோக்கிறது. ஒரு வகைப் படத்தில் அந்த இடம் கறுத்தும், இன்னொரு வகையில் வெளுத்தும் தெரியும். எலும்பு உருக்குலைய அப்போது இன்னும் நாள் இருக்கும்.

இந்த நோய்க்கென்று ஒரு தடம் உண்டு. அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளின் ஓரங்களுக்கு ஒரே ரத்தக்குழாய்தான் கிளை பிரிந்து போகிறது, ஒரே மடைத் தண்ணீர் வரப்புக்கு இரண்டு பக்கமும் பாய்கிற மாதிரி. அதனால் இரண்டு எலும்பும் சேர்ந்தே அரிக்கும். வரப்பாக நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் மெதுவாகத்தான் குறுகும். மற்ற நோய்களில் அப்படி இல்லை: டிபி அல்லாத சாதாரணச் சீழ்க்கிருமிகள் டிஸ்கைச் சீக்கிரமே தின்றுவிடும். பரவி வந்த புற்றுநோய் பெரும்பாலும் அதைத் தொடாது. டிபியில் சீழ் சூடோ சிவப்போ காட்டாமல் இடுப்புத் தசை வழியாகத் தொடை இடுக்கு வரைகூட இறங்கும். எம்.ஆர்.ஐ. அந்தப் பாதையையும், தண்டுவடம் நசுங்குகிறதா என்பதையும் காட்டிவிடும். இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் டிபி என்றால் ஓர அரிப்பையும், மெதுவாகக் குறையும் இடைவெளியையும் தேடுவார்கள்.

மாடு வளர்க்கும் நம் பக்கத்தில் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். காய்ச்சாத பால் மூலமும், கன்று வீசிய (கரு கலைந்த) மாட்டைக் கையாளும்போதும் தொற்றுகிற புருசெல்லா கிருமி முதுகெலும்பில் தங்கினால், படத்தில் டிபி போலவே இருக்கும். ஆகவே படம் சந்தேகத்தைத்தான் தரும். சி.டி. பார்த்தபடி ஊசி செலுத்தித் துளி திசு எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைகளுக்கு அனுப்புவதுதான் உறுதியான வழி. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. எலும்பு டிபி உள்ள பலருக்கு அது சுத்தமாகவே இருக்கும்.

வாரக்கணக்கில் விடாத முதுகு வலியோடு ராத்திரித் தூக்கம் கெடுவது, சாயங்காலக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, கால் மரத்துப்போவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். எலும்புக்கு வழக்கமாக ஒரு வருஷமாவது சாப்பிட வேண்டியிருக்கும்.