பழைய லேண்ட் ரோவரை மலையிலிருந்து இறக்குவது

போன பங்குனியில் கொட்டகலையிலிருந்து ஒரு தம்பி தன் லேண்ட் ரோவரை ஹட்டனில் உள்ள என் கராஜுக்குக் கொண்டுவந்தார். சீரிஸ் 2ஏ மாடல், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 88 அங்குலமே உள்ள குட்டை வண்டி. புதுப் பச்சைப் பெயின்ட், நான்கு புது மட் டயர், கூரையில் நீள விளக்கு. பார்க்கவே ஆசையாக இருந்தது. ஏழெட்டு இலட்சம் செலவாகிவிட்டது என்றார். அடுத்த வாரம் நண்பர்களோடு தோட்ட ரோடுகளில் ஒரு பயணம் இருக்கிறது, எஞ்சின் ஒயில் மட்டும் மாற்றித் தந்தால் போதும் என்றார்.

என் கராஜ் வாசல் நல்ல சரிவு. "அங்கேயே நிறுத்தி, கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுங்க தம்பி" என்றேன். இழுத்தார். வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. பதறிப்போய்க் கால் பிரேக்கை மிதித்தார். முதல் மிதி அடிவரை போய்விட்டது, இரண்டாவது மிதியில்தான் பிடித்தது. சக்கரத்துக்கு ஓரடி பின்னால் நான் முன்கூட்டியே கட்டை போட்டு வைத்திருந்தேன். வரும் வண்டி எல்லாவற்றுக்கும் அப்படித்தான் போடுவேன்.

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முப்பது வருஷமாக இந்த வண்டிகளோடுதான் என் பிழைப்பு. லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது அது விவசாயிகளுக்கான வண்டி. சீரிஸ் 1, 1958-இல் 2, 1961-இல் 2ஏ, 1971 முதல் 1985 வரை சீரிஸ் 3. அதாவது இவற்றில் மிக இளையதற்கே நாற்பது வயது. துரைமார் தோட்டம் சுற்றிய வண்டிகளும் அப்புறம் மரக்கறி மூட்டை சுமந்த வண்டிகளும் பல காலம் கொட்டகைகளில் கிடந்தன. 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நின்று, புது வண்டிகளைக் கனவிலும் நினைக்க முடியாமல் போனபோது அவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இளைஞர்கள் வாங்கினார்கள், குழுவாகச் சேர்ந்தார்கள், உதிரிப்பாகம் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஒன்றாகப் போகிறார்கள். எனக்கு அதில் மனம் நிறைந்த சந்தோஷம். ஆனால் எல்லாருடைய கவனமும் வண்டி ஏறுவதிலேயே இருக்கிறது. சேற்றில் ஏறுவதைத்தான் படம் பிடிக்கிறார்கள். மலையில் ஏறிய வண்டி அத்தனை தூரத்தையும் திரும்ப இறங்க வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்து சேர்வதற்குள் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். 2025 மே மாதம் அதே ரம்பொடைப் பாதையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. இந்த ரோடுகளில் சறுக்கிய வண்டி ஒதுங்கி நிற்க இடம் கிடையாது.

முதலில் ஹேண்ட் பிரேக். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது புதிது. சாதாரணக் காரில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். சீரிஸ் லேண்ட் ரோவரில் அது எந்தச் சக்கரத்தையும் நேராகப் பிடிப்பதில்லை. எஞ்சின் விசையை முன் பின் சக்கரங்களுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கியர் பெட்டியின் பின்பக்கம் ஒரு டிரம், அதாவது வட்டமான பிரேக் உருளை, இருக்கிறது. அது பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் நின்றால், சுழற்சியை இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரென்ஷியல் நிற்கும், டிஃபரென்ஷியல் நின்றால் ஆக்சில்கள் நிற்கும், சக்கரமும் நிற்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் வண்டி போய்விடும்.

ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். டிஃபரென்ஷியலுக்கு இரண்டு பக்கமும் உண்டு. தூக்கிய சக்கரம் ஒரு பக்கமாகச் சுழலும், தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கமாக உருளும். நடுவில் ஷாஃப்ட் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். ஹேண்ட் பிரேக் முழுசாக இழுத்திருந்தும் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கிச் சரிவில் ஓடும். நான் வேலை பழகிய காலத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ரோட்டில் பஞ்சர் மாற்றும்போது இதைக் கண்ணால் பார்த்தேன். சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஒரு தீப்பெட்டி எடுக்க எழுந்து போயிருந்தார். வண்டி தேயிலை மலைக்குள் இரண்டு வரிசை உடைத்துக்கொண்டு போய் நின்றது. அன்றிலிருந்து எனக்குக் கட்டை இல்லாமல் ஜாக்கி கிடையாது.

இந்த வண்டியில் டயர் மாற்றும் முறை இதுதான். முடிந்தவரை சமதரைக்குக் கொண்டுபோங்கள். சிவப்புத் தலை லீவரைப் பின்னால் இழுத்து லோவில், அதாவது மெதுவான, பலமான கியர் வரிசையில், போடுங்கள். லோவில் முன் சக்கர இழுவையும் தானாகச் சேர்ந்துகொள்ளும். முன் சக்கரங்களை ஆக்சிலிலிருந்து விடுவித்து வைக்கும் ஃப்ரீ வீல் ஹப் மாட்டியிருந்தால் அதை லொக்கில் திருப்புங்கள். முதல் கியரில் விடுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். இத்தனைக்கும் பிறகு தரையில் இருக்கும் ஒரு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கல் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். நாலங்குலப் பலகையில் ஆப்பு மாதிரி இரண்டு அறுத்து சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டால் ஆயுசுக்கும் போதும்.

பின் ஆக்சில் உடைந்தாலும் இதே கதைதான். பழைய 88-இன் பத்துப் பல் ஆக்சில் மெலிந்தது, உடைவதற்குப் பேர்போனது. உடைந்ததும் எஞ்சின் சுற்றும், வண்டி நகராது. அனுபவமுள்ள தோட்டத்து சாரதிகள் நான்கு சக்கரத்தில் போட்டு முன் சக்கரத்தால் இழுத்து வீடு வந்து சேர்வார்கள். நல்ல யுக்திதான். ஆனால் வந்து நிறுத்தியதும் பழக்க தோஷத்தில் சிவப்பு லீவரை முன்னால் தள்ளி முன் சக்கரங்களை விடுவித்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினால் அந்த வண்டியை எதுவும் பிடித்துக்கொண்டிருக்காது. கியரும் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது.

கொட்டகலைத் தம்பியின் வண்டியில் கோளாறு இன்னும் சாதாரணமானது. டிரான்ஸ்ஃபர் பெட்டியின் பின் ஒயில் சீல் கசிந்து டிரம்முக்குள் ஒயில் இறங்கி, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ ஊறிப் போயிருந்தது. பத்து வண்டியில் ஆறேழு இப்படித்தான் வருகின்றன. ஷூவைப் பெற்றோலில் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவார்கள். இரண்டு நாள் பிடிக்கும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்குக்குள் இறங்கிய ஒயில் சூட்டில் மறுபடி வெளியே வரும். சீலை மாற்றி, ஷூவையும் மாற்றினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

கால் பிரேக்குக்கு வருவோம். அவர் இரண்டு முறை மிதிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் ஷூ தேய்ந்து டிரம்முக்குத் தூரமாகிவிட்டது. இந்த டிரம் பிரேக்குகள் தானாகச் சரிசெய்துகொள்ளாது, நாம்தான் சக்கரம் சக்கரமாக அஜஸ்ட் பண்ண வேண்டும். பழைய வண்டிகளில் பிரேக் லைன் ஒரே சுற்று. பெடலை மிதித்ததும் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் நான்கு சக்கரத்துக்கும் ஒன்றே, ஒரே குழாய்த் தொடர். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போகும். சேற்றிலும் மழையிலும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாய், அதைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் துருப்பிடிக்கும். அதை மாற்றும்போது சிலர் ஃபிரிட்ஜ் வேலைக்குரிய செப்புக் குழாயைப் போட்டுவிடுகிறார்கள். வளைக்க இலேசாக இருக்கும், பளபளப்பாகவும் இருக்கும், ஆனால் பிரேக்கின் அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் செய்ததல்ல அது. பிரேக்குக்கென்றே வரும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கூரை விளக்குக்குக் கொடுத்த காசை இதற்குக் கொடுத்திருக்கலாம் என்று அந்தத் தம்பியிடமும் சொன்னேன்.

பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். நம் ஊர் மூடுபனியில் கேட்கவே வேண்டாம். டொட் 4 ரகப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155. டொட் 3-க்கு 205, ஈரம் ஏறினால் 140. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, சிலிண்டரில் உள்ள ஒயில் கொதித்துக் குமிழியாகும். குமிழி அமுங்கும், பிரேக்கை அமுக்காது. மேலே நன்றாக இருந்த பெடல் கீழே வரும்போது பஞ்சு மாதிரி ஆவது இதனால்தான். கொஞ்ச நேரம் ஆறியதும் பெடல் திரும்பி வந்துவிடும், அதனால் பலர் அதைக் கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள். மலையில் வருஷம் ஒருமுறை என்பது என் கணக்கு.

தார் ரோட்டில் ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள், இலேசாக மிதித்தபடியே வராதீர்கள். தோட்டத்து மண் ரோட்டில் செங்குத்தான இறக்கம் வந்தால் மேலேயே நிறுத்தி, ஹப்பைப் பூட்டி, லோவில் போட்டு இறங்குங்கள். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் நான்கு சக்கரத்தில் ஓட்ட வேண்டாம். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓடும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாததால் ஷாஃப்டும் கியரும் முறுகும்.

எஞ்சின் மாற்றியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மிட்சுபிஷி ஜீப்பின் 4டிஆர்5 மாதிரி டீசல் எஞ்சின் போடுவது நம்மூரில் சகஜம். மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பிரேக் சர்வோவுக்கு வேண்டிய வாக்குவம், அதாவது வெற்றிடம், பெற்றோல் எஞ்சினில் எஞ்சினிலிருந்தே கிடைத்துவிடும், டீசலில் அதற்குத் தனிப் பம்ப் வேண்டும். சர்வோ இருந்தும் பம்ப் இல்லாமல் ஓடிய வண்டி என்னிடம் வந்திருக்கிறது. "பெடல் கொஞ்சம் கனம், அண்ணே" என்று மட்டும்தான் அதன் சொந்தக்காரர் சொன்னார். மாற்றிய எஞ்சினை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய மறக்காதீர்கள்.

பிரேக் வேலையை வீட்டில் நீங்களே செய்கிறீர்களா? நல்லதுதான். ஆனால் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரசரால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்குகளில் கல்நார், அதாவது அஸ்பெஸ்டஸ், இருந்தது. அதன் நார் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்த் தங்கும். புற்றுநோய் வருவதற்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகும். பழைய சரக்கில் எதில் கல்நார் இருக்கிறது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் எல்லாவற்றிலும் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். துணி மாஸ்க் இதற்குப் போதாது. நான் இளவயதில் எத்தனையோ வருஷம் ஊதித்தான் வேலை செய்தேன், யாரும் சொல்லித்தரவில்லை. என்னிடம் வேலை பழகும் பையன்களை ஊத விடுவதில்லை.

வண்டியின் பொடி, அதாவது வெளி உடல், பெரும்பாலும் அலுமினியம், அது துருப்பிடிக்காது. போருக்குப் பிறகு பிரித்தானியாவில் இரும்புத் தகடு தட்டுப்பாடாக இருந்ததால் அப்படிச் செய்தார்கள். ஆனால் அடியில் இருக்கும் சேஸிஸ் இரும்பு, பெட்டி வடிவம், உள்ளே சேறு தங்கும். பொடி பளபளக்கும்போது சேஸிஸ் உள்ளிருந்து அரித்துக்கொண்டிருக்கும். சின்னச் சுத்தியலால் பின் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் மாட்டும் இடங்களையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், அரித்தது மொத்தென்று சொல்லும். துருவின் மேல் தார்ப் பூச்சு அடித்தால் தட்டினாலும் தெரியாமல் போய்விடும். வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால் பற்றரியைக் கழற்றி, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் எரிபொருள் தாங்கியையும் இறக்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பியின் வண்டி ஒன்பது நாள் என்னிடம் நின்றது. பயணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். எடுக்க வந்த அன்று குழுவிலிருந்து இன்னும் மூன்று வண்டிகள் வந்தன. நான்கையும் ஒவ்வொன்றாக அதே சரிவில் ஏற்றி நிறுத்தி, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தோம். இரண்டு நின்றன. நகர்ந்த இரண்டும் என்னிடமே தங்கிவிட்டன, அதன் சொந்தக்காரர்கள் மற்ற வண்டிகளில் ஏறிப் போனார்கள்.