அரசாணையைத் தேடாதீர்கள், கோர்ட் ஆர்டரைப் படியுங்கள்

கோடை சீசன் நெருங்கினால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி காட்டேஜ்காரர்களிடமிருந்து எனக்கு வரும் முதல் போன்: “வக்கீல் சார், இந்த வருஷம் இ-பாஸுக்கு ஜி.ஓ. வந்துருச்சா?”

ஜி.ஓ. என்றால் அரசாணை. வெளியூர் வண்டிகள் மலை ஏறுவதற்கு முன் ஆன்லைனில் எடுக்க வேண்டிய இந்த இ-பாஸ், அரசு தானாகக் கொண்டுவந்த திட்டம் என்றே பலரும் இன்னும் நினைக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வு 2024 ஏப்ரல் 29 அன்று போட்ட உத்தரவிலிருந்து வந்தது அது. மே 7 முதல் ஜூன் 30 வரை என்றுதான் முதலில் சொன்னார்கள். பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். 2025 மார்ச்சில் எண்ணிக்கையும் சேர்ந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகள், அரசுப் பேருந்துகள், விளைபொருள் ஏற்றும் வண்டிகளுக்கு விலக்கு. கலெக்டர் செய்வது அமல்படுத்தும் வேலை மட்டும். அதனால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வது, பாவம், தபால்காரரிடம் கடிதத்தை மாற்றி எழுதச் சொல்வது மாதிரி.

மலையில் தொழில் செய்பவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: உங்கள் கடையைக் கட்டுப்படுத்தும் விதிகளில் பாதி இன்று அரசிதழில் இல்லை, நீதிமன்ற உத்தரவுகளில் இருக்கிறது. அவற்றிலும் பல இடைக்கால உத்தரவுகள். அடுத்த வாய்தாவில் மாறலாம், விரியலாம், காலாவதியும் ஆகலாம்.

ஒரு போன் அழைப்பைச் சொல்கிறேன். கோத்தகிரி பக்கம் நாலு அறை வைத்திருக்கும் ஒருவர். வாட்ஸ்அப்பில் “இனி எட்டாயிரம் வண்டிதான்” என்று மட்டும் படித்துவிட்டு, சனி, ஞாயிறு புக்கிங்கை எல்லாம் ரத்து செய்யலாமா என்று கேட்டார். உத்தரவை எடுத்துப் பத்தி பத்தியாகப் படித்துக் காட்டினேன். அவருடைய விருந்தினர்களில் பாதிப் பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். அவர்களுக்கு அந்த உச்ச வரம்பால் ஒன்றும் இல்லை. உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அட்வான்ஸ் கட்டிய விருந்தினருக்குப் பாஸ் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதா, தேதியை மாற்றித் தருவதா என்று அவருடைய புக்கிங் ரசீதில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தோம். ரத்து எதுவும் செய்யவில்லை. வெளி மாவட்டப் பதிவெண்ணில் சொந்தக் கார் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் இதே குழப்பம்தான். விலக்கு அவர்களுக்கும் உண்டு, ஆனால் முகவரிச் சான்றோடு போய் அதற்கான பாஸை வாங்கிவைக்காமல் கல்லாறு செக்போஸ்ட்டில் நின்று வாதம் செய்தால் வண்டி நகராது.

டாஸ்மாக் பாட்டில் கதை இன்னும் சுவாரஸ்யம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022-இல் நீலகிரியில்தான் தொடங்கியது. யானை மிதிக்கும் காட்டில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறதே என்ற வழக்கில், நீதிமன்றத்தின் நெருக்குதலால் வந்தது அது. அடுத்தடுத்து மற்ற மாவட்டங்களுக்கும் போய்விட்டது. மலையில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சமவெளிக்கு இறக்குகிறார்கள். ஆகவே திண்டுக்கல், கோவை வியாபாரிகளே, இது ஊட்டிக்காரன் தலைவலி என்று இருந்துவிடாதீர்கள்.

நிலத்தில் பணம் போடுபவர்கள், நீலகிரியில் மசினகுடியை ஒட்டிய சீகூர் பகுதியின் யானை வழித்தட வழக்கைத் தெரிந்துகொள்ளாமல் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடக்கூடாது. யானை வழித்தடம் பற்றிய அரசாணை 2010 ஆகஸ்ட் 31 தேதியது. அதை உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஏற்று, ரிசார்ட் உரிமையாளர்களின் ஆட்சேபணைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. இடையில் ஏறக்குறைய பத்து ஆண்டுகள். “கேஸ் நடக்குது, ஒண்ணும் ஆகாது” என்ற ஒரே தைரியத்தில் இடம் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்! மசினகுடி பக்கத்து நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து “சுத்தமா இருக்கு சார்” என்று காகிதத்தை நீட்டுவார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். வழித்தட அறிவிப்பு வராது; உச்ச நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கும் வராது. சர்வே எண்ணை அறிவிப்போடு ஒத்துப்பார்க்க வேண்டும், அதற்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் செலவழிக்க யாருக்கும் மனசு வருவதில்லை.

கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு பழையது. விதியைத் தளர்த்தி அரசே கொடுத்த மாடிகளுக்கான அனுமதி நீதிமன்றத்தில் நிற்கவில்லை, 1995-இல் உச்ச நீதிமன்றத்திலும் ஹோட்டல் தரப்புக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. ஆகவே ‘மேலிடத்து அனுமதி’ கையில் இருக்கிறது என்பது மட்டும் காப்பாற்றாது.

கட்டட விஷயத்தில் அண்மைய தீர்ப்புகள் இரண்டு. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது. இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் விதிவிலக்கையும் படிக்க வேண்டும்: நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்ட கட்டடத்துக்கும், சாலை, நீர்நிலை ஓரம் போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மலையில் வரும் இடிப்பு நோட்டீஸ்களில் பல நீதிமன்ற உத்தரவைத் தொட்டே வருபவை. அடுத்து, அதே ஆண்டு டிசம்பர் 17 தீர்ப்பு. கட்டி முடித்த சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும், அனுமதியில்லாத கட்டடத்தில் தொழில் நடத்த உரிமம் தரக்கூடாது என்கிறது. வீட்டுக்கு என்று பிளான் வாங்கி ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

சீல் வைக்கும் நோட்டீஸ் வந்துவிட்டால் நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஓடாதீர்கள். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 80ஏ பிரிவில் அரசிடம் முறையிட வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ரிட் போட்டால் பெரும்பாலும் “முதலில் அங்கே போங்கள்” என்று அனுப்புவார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும் வக்கீல் பீஸும் வீண்.

நீதிமன்றம் இவ்வளவு தூரம் நிர்வாகத்துக்குள் வரலாமா என்று கேட்டால், வர வைத்தது நிர்வாகத்தின் தூக்கம் என்பேன். மே மாதம் குன்னூர் கொண்டை ஊசி வளைவில் மூன்று மணி நேரம் நின்றவர் யாரும் மறுக்க மாட்டார். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த விசாரணைகளில் பேசுவது அரசுத் தரப்பும் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வக்கீல்களும்தான். வர்க்கி சுடுபவரும் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுபவரும் உத்தரவு வந்த பிறகு கடையடைப்பு அறிவிக்கிறார்கள். தங்களையும் தரப்பாகச் சேர்க்கச் சொல்லி இம்ப்ளீட் மனு போடும் சங்கங்கள் குறைவு.

மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பை நீதிமன்றம் சென்னை ஐஐடியிடமும் பெங்களூரு ஐஐஎம்மிடமும் கொடுத்தது. அப்படிப்பட்ட ஆய்வை வைத்துத்தான் எண்ணிக்கையை எடைபோடுவார்கள். சங்கங்கள் இப்போதே இரண்டு சீசனுக்கான ஜிஎஸ்டி பில்களையும் அறை நிரம்பிய விவரத்தையும் வார நாள், வார இறுதி என்று பிரித்துத் தொகுத்து, பிரமாணப் பத்திரத்தோடு தாக்கல் செய்யலாம். “வியாபாரம் போச்சு” என்று சொல்லும் மனுவைவிட, எந்தக் கிழமையில் எவ்வளவு போச்சு என்று காட்டும் மனுவைத்தான் நீதிபதி கையில் எடுத்துப் புரட்டுவார்.