பாட்டில்டு இன் பாண்ட் – பிணைக்கிடங்கு விஸ்கி

அமெரிக்க விஸ்கி லேபிள் சிலவற்றில் 'பாட்டில்டு இன் பாண்ட்' என்று அச்சிட்டிருக்கும். பேச்சில் 'பாண்டட்' என்று சுருக்கிவிடுவார்கள். பாண்ட் என்றதும் நம் கை 'பத்திரம்' என்று எழுதப் போகும். பத்திரத்துக்குப் பாதுகாப்பு என்ற பொருளும் இருப்பதால் குழப்பம்தான் மிஞ்சும். இங்கே பாண்ட் என்பது வரிக்குக் கொடுக்கும் பிணை.

ஆங்கில பாண்ட், கட்டு என்று பொருள்படும் 'பேண்ட்' என்பதன் மாற்று வடிவம். கட்டுவதிலிருந்து ஜாமீனுக்கு வந்தது. நம் 'பிணை'யும் பிணைத்தலிலிருந்து அதே வழியில் வந்ததுதான். இலங்கையில் அரசுக் கடன் பாண்டைப் 'பிணைமுறி' என்றே எழுதுகிறார்கள்.

விஸ்கியைக் கிடங்கில் வைத்திருக்கும்வரை வரி கட்டவேண்டாம். வெளியே எடுக்கும்போது கட்டுவேன் என்று வடிசாலைக்காரர் அரசுக்குப் பிணை கொடுப்பார். அதனால் அது பிணைக்கிடங்கு. அந்த ஏற்பாட்டின் கீழ் இருக்கும்போதே பாட்டிலில் அடைத்ததற்குத்தான் இந்தப் பெயர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சந்தையில் கலப்பட விஸ்கி மலிந்திருந்தது. வெறும் சாராயத்தில் நிறமும் வாசனையும் ஏற்றிப் பழைய சரக்கு என்று விற்றார்கள். கென்டக்கி வடிசாலைக்காரர் கர்னல் எட்மண்ட் டெய்லரும் அப்போதைய நிதிச் செயலர் ஜான் கார்லைலும் முன்னின்று கொண்டுவந்த சட்டம் 1897 மார்ச்சில் நிறைவேறியது. அதன்படி ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில், அதாவது ஜனவரி–ஜூன் அல்லது ஜூலை–டிசம்பரில் வடித்திருக்க வேண்டும். பிணைக்கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு ஊற வேண்டும். 50 சதவீத ஆல்கஹாலில் அடைக்க வேண்டும். தண்ணீர் தவிர எதுவும் சேரக்கூடாது. எங்கே வடித்தது என்பதும் லேபிளில் இருக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, விலை குறைந்த பாட்டிலுக்கும் விலை உயர்ந்ததற்கும் இதே விதிகள்தான் என்பது. ஆகவே அமெரிக்காவில் வாங்குபவர்கள் அலங்காரப் பாட்டிலைத் தேட வேண்டியதில்லை. எவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் பல மாநிலங்களில் 20 டாலரை ஒட்டிக் கிடைக்கும். முதலில் அதைத்தான் சொல்வேன். கோதுமை போன்ற ரை தானியத்தின் காரம் வேண்டுமென்றால் ஓல்ட் கிராண்ட்-டாட் பாண்டட். ரை விஸ்கியேதான் வேண்டுமா, ரிட்டன்ஹவுஸ். சரி, 50 சதவீதம் நாக்கைச் சுடுமே என்றால், கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம், சுவை நீர்த்துப்போகாது.

தமிழில் 'பிணைக்கிடங்கு விஸ்கி' போதும். 'பத்திர விஸ்கி' வேண்டாம்.