பாலிமார்பிசம்: பல்லுருவாக்கமா, பல்லுருமையா?

தண்ணீர் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. தியேட்டரில் படம் ஓடுகிறது. கடையும் ஏதோ ஓடுகிறது. வினை ஒன்றுதான், ஆனால் எது ஓடுகிறது என்று தெரிந்தால்தான் எப்படி ஓடுகிறது என்பது புரியும். நிரலாக்கத்தில் பாலிமார்பிசம் என்பதும் கிட்டத்தட்ட இதுதான்: கூப்பிடும் பெயர் ஒன்று, கூப்பிடப்படும் பொருளுக்கு ஏற்றபடி வேலை வேறு.

கிரேக்கத்தில் 'பொலுஸ்' என்றால் பல, 'மோர்ஃபே' என்றால் உருவம். உயிரியலும் படிகவியலும் முன்பே எடுத்துக்கொண்ட சொல் இது. கணினித் துறையில் இதற்கு அழுத்தமான இடம் கொடுத்தவர் பிரிட்டிஷ் கணினி அறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. 1967-இல் கோபன்ஹேகனில் நடத்திய விரிவுரைகளில் இதை இரண்டாகப் பிரித்தார்: ஒரே பெயருக்கு வகைதோறும் தனித்தனி நிரல் இருப்பது ஒன்று, ஒரே நிரல் எல்லா வகைக்கும் பொருந்துவது இன்னொன்று.

இதைப் புரிந்துகொள்ள லூவா என்ற நிரல்மொழி மிக நல்ல இடம் என்பேன். 1993-இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிறிய மொழி. போர்ச்சுகீசியத்தில் லூவா என்றால் நிலா. பல மொழிகளில் பொருள்களை வார்க்கும் அச்சாக இருக்கும் கிளாஸ் என்று இதில் தனியாக ஒன்று கிடையாது. தரவைக் கோத்து வைக்க இருப்பதெல்லாம் டேபிள் மட்டும்தான். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு. அந்த மதிப்பு எண்ணாக இருக்கலாம், ஃபங்ஷனாகவும், அதாவது அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டாகவும் இருக்கலாம்.

மூன்று டேபிள்களை வைத்துப் பார்ப்போம். 'ஆட்டோ' டேபிளில் 'வீதம்' 20. கூடவே 'கட்டணம்' என்ற ஃபங்ஷன், தூரத்தை வீதத்தால் பெருக்கித் தருகிறது. 'பேருந்து' டேபிளிலும் 'கட்டணம்' உண்டு, ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் 15 என்கிறது. மூன்றாவது 'ஷேர் ஆட்டோ'. அதில் 'வீதம்' 5 மட்டும் இருக்கிறது, கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷன் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு மெட்டாடேபிளை, அதாவது இந்த டேபிள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் இன்னொரு டேபிளை மாட்டி, 'இங்கே இல்லாததை ஆட்டோவிடம் போய்க் கேள்' என்று எழுதிவிடுகிறோம். அந்தக் குறிப்பை வைக்கும் சாவியின் பெயர் இண்டெக்ஸ், முன்னால் இரண்டு அடிக்கோடு (__index).

இப்போது மூன்றிடமும் 8 கிலோமீட்டருக்குக் கட்டணம் கேட்டால் 160, 15, 40 என்று வருகிறது. அந்த 40-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஃபங்ஷன் ஆட்டோவினுடையது, வீதமோ ஷேர் ஆட்டோவினுடையது. முக்காற்புள்ளி (:) போட்டு அழைக்கும்போது, அழைக்கப்பட்ட டேபிளே 'செல்ஃப்' என்ற பெயரில் உள்ளே போகிறது. அதனால்தான் இது நடக்கிறது. முக்காற்புள்ளிக்குப் பதில் வெறும் புள்ளி வைத்துவிட்டால் செல்ஃபின் இடத்தில் எண் 8 போய் உட்கார்ந்துகொள்ளும், எண்ணுக்குள் வீதத்தைத் தேடப் போய் நிரல் பிழை காட்டி நின்றுவிடும். நான் முதலில் எழுதிய லூவா நிரல் இந்த ஒரு புள்ளியால் ஒரு மாலை முழுக்க ஓடவில்லை.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் ஓடுவதற்கும் கூரை ஓட்டுக்கும் எழுத்து ஒன்றுதான், உறவு இல்லை. நன்னூல் சொல்லும் 'பலபொருள் ஒருசொல்' என்பதில் இத்தகைய சொற்களும் அடங்கும், பாலிமார்பிசத்தில் அடங்காது. ஆனால் லூவா பெயரை மட்டும்தான் பார்க்கும். தொடர்பே இல்லாத இரண்டு வேலைகளுக்கு ஒரே பெயர் வைத்தால் அது தடுக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பல், உரு இரண்டும் சேர்ந்தால் பல்லுரு. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும். பல்லுயிர், பல்லூடகம் எல்லாம் அப்படி வந்தவைதான். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூலில் இதற்குப் பல்லுருவாக்கம் என்று இருக்கிறது. முதல் பாதியில் எனக்குக் குறையில்லை, 'ஆக்கம்'தான் இடிக்கிறது. மொழியாக்கம், நூலாக்கம் என்றால் யாரோ எதையோ ஆக்குகிறார்கள். மேலே பார்த்த நிரலில் யாரும் எதையும் பல உருவாக ஆக்கவில்லை. கட்டணம் என்ற அழைப்பு பல உருவில் நிற்கிறது, அவ்வளவுதான். அது ஒரு தன்மை. தன்மையைச் சொல்லத் தமிழில் 'மை' இருக்கிறது: ஒருமை, பன்மை, இனிமை. அதனால் பல்லுருமை என்றே எழுதுகிறேன். பல்லுருவாக்கம் என்பதை வேகமாகப் படிக்கும்போது 'பல உருவாக்கங்கள்' என்று பிரிந்து, ஏதோ தொழிற்சாலை உற்பத்தி போலத் தொனிப்பதும் ஒரு காரணம்.

தேர்வு எழுதும் பிள்ளைகள் பாடநூல் சொல்லையே எழுதட்டும், மதிப்பெண் அதற்குத்தான். மெட்டாடேபிளை நான் இன்னும் மெட்டாடேபிள் என்றே எழுதுகிறேன். 'மேலட்டவணை' என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் மேலே இருக்கும் அட்டவணை என்று படித்துவிட்டார்கள்.